நான் தூர்த்த வாய்க்கால்

விழுப்புரத்தில் நான் சீட் கவர் தைக்கிறவன். பைக், ஷேர் ஆட்டோ, டிராக்டர், ஒருமுறை ஒரு பல் டாக்டரின் நாற்காலி. தைத்து முடித்ததும் வண்டிக்காரன் ஏறி உட்கார்ந்து, இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்து, ‘ஆங்’ என்று ஒரு சத்தம் கொடுப்பான். அந்த ‘ஆங்’குக்காகத்தான் இருபத்தெட்டு வருஷமாக ஊசியால் விரலைக் குத்திக்கொண்டிருக்கிறேன். சீட்டுக்கு அடியில் இருப்பதைப் பற்றி நான் கவலைப்பட்டதே கிடையாது. எந்தப் பைக்கும் கடைக்கு வந்து முதுகு வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் ஆடி மாசம் ஒரு அம்மா குதிரைச் சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் வயசுதான் இருக்கும். ஓமந்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஒரே ஒரு வெள்ளைக் குதிரை வைத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிப் போகிற தொழில். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் ரிப்பேருக்கு நேரம்.

“மாப்பிள்ளைங்க எல்லாம் குத்துது குத்துதுன்றானுங்க, மேஸ்திரி. மண்டபத்துக்குள்ள தாலி கட்டப் போறவன் மாதிரியா போறான்? மூலம் வந்தவன் மாதிரி காலை அகட்டிக்கினு போறான். மேல கொஞ்சம் மெத்துனு பண்ணிக் குடுங்க. மேல மட்டும்.”

மேல மட்டும். சொன்னாள். காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவள் போனதும் சேணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நீளவாக்கில் இரண்டு மெத்தை. இரண்டுக்கும் நடுவே, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், நாலு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் மாதிரி. அதில் ஒரு பிடி பஞ்சுகூட இல்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. எந்தக் களவாணிப் பயல் தைத்தது இது? நடுவில் சரக்கே வைக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறான். பாவம், விவரம் தெரியாத பொம்பளை, ஏமாந்துவிட்டாள். என் மாதிரி ஒரு நேர்மையான தொழிலாளி கையில் வந்து சேர்ந்தது அவள் அதிர்ஷ்டம்.

கட்டியான ஃபோமை வெட்டி, வாய்க்காலை நிரப்பினேன். இடைவெளியே தெரியாமல், சிமென்ட் ரோடு போட்ட மாதிரி. மேலே, உட்கார்கிற பக்கத்தில், அவள் கேட்ட மாதிரி மெத்தென்று மெரூன் ரெக்சின், டைமண்ட் தையல், ஓரத்தில் தங்கக் கலர் பைப்பிங். அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன்.

என் மனைவி பார்த்துவிட்டுக் கேட்டாள்: “குதிரைக்கும் சீட்டுக்கும் நடுவுல கீறத யாரு பாக்கப் போறா?”

“தொழில்னா அதான்டி. தெரியாத எடத்துல காட்டணும்.”

இந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சேணத்தைச் சாக்கில் கட்டி திண்டிவனம் பஸ்ஸில் போட்டு அனுப்பினேன். ஆவணி முதல் முகூர்த்தத்தன்றுதான் அந்த அம்மா மூட்டையைப் பிரித்திருக்கிறாள். மேளக்காரர்கள் வந்து நிற்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் ஜல்தி ஜல்தி என்கிறார்கள். மேலே வெல்வெட் துணியைப் போட்டு, வயிற்றுப் பட்டையை இறுக்கி, மாப்பிள்ளையை ஏற்றியாகிவிட்டது.

மறுநாள் காலை போன் வந்தது.

“யோவ், இன்னாய்யா பண்ணி வெச்ச என் குதிரைய?”

மேஸ்திரி என்ற பட்டம் பறிபோனதை அங்கேயே குறித்துக்கொண்டேன்.

திண்டிவனத்தில் மண்டபத்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே குதிரை காதைப் பின்னால் மடக்கியிருக்கிறது. முதுகைத் தொட்டில் மாதிரி கீழே தாழ்த்தியிருக்கிறது. திரும்பித் திரும்பி மாப்பிள்ளையின் ஷூவைக் கடிக்கப் போயிருக்கிறது. கடைசியில் நடுத்தெருவில் பின்னங்காலை மடக்கி, டிப்பர் லாரி மணல் கொட்டுகிற மாதிரி அவனை இறக்கிவிட்டது. அவனுக்கு அடி இல்லை. தலைப்பாகை மட்டும் சாக்கடையில். “முதுகு வீங்கிக் கீது. கை வெச்சா துள்ளுது,” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

ஒரு பொறுப்பான மனிதன் இந்த நேரத்தில் என்ன செய்வான்? நான் ஷட்டரை இறக்கினேன். உள்ளேயிருந்து. விளக்கை அணைத்துவிட்டு, ஸ்பாஞ்ச் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்து, போனில் ‘மிருக வதை எத்தனை வருஷம்’ என்று தேடினேன். வந்த பதில் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறாக இருந்தது. அதில் ஆக மோசமானதைத் தேர்ந்தெடுத்து நம்பினேன். ஜெயிலில் தையல் வேலை கொடுப்பார்கள், பழகின வேலைதான் என்று ஆறுதல்கூடப் பட்டுக்கொண்டேன்.

வீடு கடைக்குப் பின்னால்தான். மனைவி பின்கதவைத் திறந்து பார்த்தாள்.

“இன்னாத்துக்கு கடைய சாத்திக்கினு உள்ள உக்காந்துக்கினு கீற?”

“கண்டாச்சிபுரத்துக்குப் போறேன். ஒரு சாவு.”

“யாரு செத்தது?”

யோசித்தேன். கண்டாச்சிபுரத்தில் எங்களுக்கு இருக்கிறது மொத்தம் அவளுடைய அக்கா குடும்பம்தான். யாரைச் சாகடித்தாலும் ஆபத்து. உண்மையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். சிரிக்கக்கூட இல்லை.

“மொதல்ல போயி குதிரையப் பாரு. சாவெல்லாம் அப்பறம் வெச்சிக்கலாம்.”

போனேன். குதிரை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் தீனிக்குப் போட்ட மல்லாட்டைக் கொடி, தொடாமல் கிடந்தது. கால்நடை டாக்டர் அப்போதுதான் ஊசி போட்டு முடித்திருந்தார். முதுகின் நடுவில், நீளவாக்கில், நாலு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து தடித்திருந்தது. அந்த அகலம் எனக்குத் தெரியும். நான் அளந்து வெட்டிய அகலம்.

“முதுகெலும்பு மேல சதையே கிடையாது, சார்,” என்றார் டாக்டர். “அது மேல எதுவும் படக்கூடாது. ரெண்டு பக்கமும் இருக்கிற சதைதான் வெயிட்டைத் தாங்கும். அதுக்குத்தான் நடுவுல சந்து விடறது. அதை யாரோ மெனக்கெட்டு அடைச்சிருக்காங்க.”

‘யாரோ’ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மூணு வாரம் முதுகுல ஈ உட்கார்ந்தாக்கூட விரட்டுங்க. எலும்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இன்னொரு தடவை வலிச்சா, அப்பறம் சேணத்தைப் பாத்தாலே இது கிட்ட விடாது.”

டாக்டர் கிளம்பியதும் அந்த அம்மா என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். திட்டவில்லை.

“எனக்கு கீறது இது ஒண்ணுதான். ஆளை ஏத்தலன்னா இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எவனாவது கல்லு வண்டி இழுக்கக் கேப்பான். குடுத்துட்டு கம்முனு இருக்க வேண்டியதுதான்.” குதிரை முதுகில் உட்கார வந்த ஈயை விரட்டிவிட்டு அவளே சொன்னாள்: “நானும் அன்னிக்கி அடியில கை வுட்டுப் பாக்கல. எப்பவும் பாப்பேன். அது என் தப்பு.”

திட்டியிருந்தால் பஸ் ஏறி வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

குதிரைக்குச் சமாதானம் சொல்லலாம் என்று கையை நீட்டினேன். கை இன்னும் ஒரு ஜாண் தூரத்தில் இருக்கும்போதே அதன் முதுகுத்தோல் நடுங்கியது. எனக்கு ஜோக்கு எதுவும் வரவில்லை. எப்போதாவதுதான் இப்படி ஆகும்.

அன்றிலிருந்து வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். உலகத்தில் சேணம் பொருத்துவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் தாலாட்டு பாடுகிற குரலில்தான் பேசுகிறார்கள். இருபது நிமிஷம் பேசிவிட்டு கடைசியில், இதற்கென்று படித்த ஆளை அணுகுங்கள் என்று முடிக்கிறார்கள். விழுப்புரத்தில் எங்கே அணுகுவது? போனில் அதையும் தேடினேன். மேப் என் கடையைக் காட்டியது.

ஒன்று மட்டும் புரிந்தது. நான் இத்தனை நாள் அளவெடுத்தது தப்பான ஆளை. அளவு எடுக்க வேண்டியது ஏறுகிறவனுக்கு இல்லை, சுமக்கிறதுக்கு.

வீக்கம் வடிந்ததும் மறுபடி போனேன். கையில் வளைகிற மாதிரி தடிமனான எர்த் கம்பி. தோள் எலும்புக்குப் பின்னால் ஓர் இடம், நடுமுதுகில் ஓர் இடம், பின்னால் ஓர் இடம். மூன்றிலும் கம்பியை மெதுவாக அழுத்தி, முதுகின் வளைவை அப்படியே பிடித்து, அட்டையில் வரைந்தேன். இடது தோள் பக்கம் கொஞ்சம் குழியாக இருந்தது. ஊர்வலத்தில் தான் எப்போதும் ஒரே பக்கம் நின்று கயிற்றை இழுத்துப் போவதால் இருக்கலாம் என்றாள் அந்த அம்மா. திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் கம்பிகளைப் பார்த்தார்.

“இன்னா சார், ஆன்டனாவா? எந்த சேனலு வரும்?”

“குதிரை.”

அதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சில்லறைகூட.

ஃபோமைப் பூராவும் பிடுங்கி, இரண்டு மெத்தையிலும் இருந்த பழைய பஞ்சையும் எடுத்து எறிந்தேன். கம்பளி ரோமம்தான் முதுகுக்கு ஏற்ப அமுங்கும் என்று தாலாட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஊட்டி டூரில் வாங்கி, விழுப்புரம் வெயிலில் பதினோரு வருஷமாகப் பீரோவில் கிடந்த கம்பளியைப் பிரித்து, நூல் நூலாகப் பிய்த்தோம். பிய்த்தது என் மனைவி. நான் பதற்றமாக மேற்பார்வை பார்த்தேன்.

“அந்தக் குதிரை ஊட்டி பாத்துதோ இல்லியோ, ஊட்டி அது முதுகுக்குப் போவுது,” என்றாள். “நீ இன்னொரு தபா தப்பு பண்ணா, அடுத்தது எம் பட்டுப் பொடவையா?”

சேணத்தை எடுத்துக்கொண்டு போன அன்று அந்த அம்மா குதிரை முதுகில் கோலமாவைத் தூவினாள். சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முடி படிகிற திசையிலேயே பின்னால் நகர்த்தி, தோள் எலும்பைத் தாண்டி நிறுத்தினாள். பட்டை கட்டவில்லை. கழுத்து முடிகிற மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவில் மூன்று விரலை நுழைத்துப் பார்த்தாள். பிறகு நேராக மேலே தூக்கிக் கவிழ்த்தாள். மெத்தையின் முன்னாலும் பின்னாலும் மாவு ஒட்டியிருந்தது. நடுவில் ஒட்டவில்லை.

“பாலம் கட்டிக் கீற,” என்றாள். “ரெண்டு முனையில மட்டும் நிக்குது.”

பிரித்தேன், அடைத்தேன். அடுத்த தடவை சேணம் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்தேன். மூன்றாவது தடவைதான் மெத்தை முழுக்க மாவு ஒட்டி, வாய்க்கால் மட்டும் மாவு படாமல் கறுப்பாகத் தெரிந்தது. வாழ்க்கையில் ஒரு பள்ளத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் வெறும் சேணத்தோடு நடத்திப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் தானே ஏறினாள். மூன்றாம் நாள் எனக்கு போன்.

“மேஸ்திரி, வெயிட்டு வேணும். வாங்க.”

மரியாதை திரும்பி வந்துவிட்டது என்று மகிழ்வதற்குள் விஷயம் புரிந்தது. நான் எண்பத்து மூன்று கிலோ.

“நான் குதிரை ஏறினதே இல்லம்மா.”

“எந்த மாப்பிள்ளை ஏறிக் கீறான்? தெச்சவன் ஏறணும்.”

பட்டையை அவள் ஒரேயடியாக இறுக்கவில்லை. ஓர் ஓட்டை, கொஞ்சம் நடை, இன்னும் ஓர் ஓட்டை. “மொதல்ல வயித்த உப்பிக்கும். அப்பவே இறுக்கினா கடுப்பாயிடும். உங்க பெல்ட்ட யாராச்சும் வெடுக்குனு இழுத்தா எப்படி இருக்கும்?” வரும்போது பஸ் ஸ்டாண்டில் தின்ற நாலு பரோட்டாவை நினைத்துக்கொண்டேன்.

ஏறினேன் என்று எழுதுவது எழுத்தாளர் சுதந்திரம். ஏற்றப்பட்டேன். மேலே போனதும் மாதாவைக் கூப்பிட்டேன். குதிரை ஓர் அடி எடுத்து வைத்ததும் மேல்மலையனூர் அம்மனையும் சேர்த்துக் கூப்பிட்டேன். எந்த லைன் ஃப்ரீயாக இருக்கிறதோ எடுக்கட்டும். “கழுத்தை ஏன்ய்யா கட்டிக்கினு கீற, அது இன்னா உன் பொண்டாட்டியா?” என்று கீழேயிருந்து குரல் வந்தது. கம்பங்கொல்லை ஓரமாக அரை மணி நேரம். குதிரை காதை மடக்கவில்லை. ஷூவையும் கடிக்கவில்லை. நான்தான் கண்ணைத் திறக்கவில்லை.

இறங்கியதும் சேணத்தை எடுத்தாள். இரண்டு பக்கமும் நீளமாக, அகலமாக வேர்வை ஈரம். நடுவில் வாய்க்கால் இருந்த இடம் காய்ந்து கிடந்தது. கைதட்டப் போனேன். அவள் இடது தோளுக்குப் பின்னால் விரலை வைத்தாள். ஈரத்துக்கு நடுவில், ஒரு வடை அளவுக்குக் காய்ந்த திட்டு.

“வேர்வையே வராத அளவுக்கு இங்க அழுத்திக் கீது.”

“சின்னதுதானம்மா. நாளன்னிக்கிதான் ஆவணிக் கடைசி முகூர்த்தம்னு சொன்னீங்க. ரெண்டு மணி நேர ஊர்வலந்தானே...”

“ரெண்டு மணி நேரம் ஷூவுக்குள்ள கல்லப் போட்டுக்கினு நட. அப்பறம் பேசு.”

சொல்லிவிட்டு அங்கேயே போனை எடுத்து, கல்யாண வீட்டுக்குக் குதிரை வராது என்று சொன்னாள். எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்டது. “கார்ல கூட்டிக்கினு போங்க, கார்ல கூட்டிக்கினு போங்க” என்று ஏழெட்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். அதற்கு அப்புறம் புரட்டாசி. ஒரு மாசம் முழுக்கக் கல்யாணம் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் மரத்தடியில் உட்கார்ந்து இடது பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

புரட்டாசியில் ஐந்து தடவை பஸ் ஏறினேன். ஐந்து தடவையும் வெயிட்டு நான்தான். வடை அளவு போண்டா ஆனது, போண்டா சுண்டைக்காய் ஆனது, ஐந்தாவது தடவை தடவிப் பார்த்தால் எதுவும் இல்லை. அவள் உடனே போனில் யாருக்கோ, “ஐப்பசிக்கி வர்றோம்” என்றாள். யார் யார் என்று கேட்டேன். “குதிரை, நான், நீங்க. ஊசி நூலோட வாங்க. புதுசா தெச்சது அமுங்கும். யாரு பாக்கறது?”

ஐப்பசி முதல் முகூர்த்தம் வல்லத்தில். ஊர்வலத்தில் மேளம், பட்டாசு, குதிரை, அதற்குப் பின்னால் இடுப்பில் ஊசிப் பையோடு நான். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி சேணத்துக்கு அடியில் கையை விட்டேன். மாப்பிள்ளையின் மாமன் இரண்டு தடவை முறைத்தார். மூன்றாவது தடவை, “யோவ், முகூர்த்தம் போவுதுய்யா, குதிரைக்கி இன்னா பிரசவமா பாக்கற?” என்றார்.

மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கினான். ஆரத்தி எடுத்தார்கள். எனக்கும் ஒரு பெண் சந்தனத்தை நீட்டினாள். “இரும்மா, ஒரு நிமிஷம்” என்று பட்டையைத் தளர்த்தி, சேணத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா குதிரை முதுகின் இடது பக்கம் தடவினாள், நான் வலது பக்கம். பிறகு இடம் மாறித் தடவினோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரம். குதிரை அதற்குள் வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைப் பாதி தின்றிருந்தது.