நூற்றுப் பதினேழாவது கட்டுரையும் தோட்டத்து மருந்தும்

ஜொய்சி புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருபது வருடமாகப் பால் வெட்டுகிறாள். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். சிங்களம் பேசினால் சிங்களத்தி தோற்றுப்போவாள். அந்தக் கெட்டித்தனம்தான் அவளைக் குழியில் தள்ளியது.

மூன்று வருடத்துக்கு முந்திய மழையில் அவள் புருஷன் அருள்தாஸுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். டிஸ்பென்சர் பெனடோல் மாத்திரை கொடுத்தார். மறுநாளும் பெனடோல். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டுச் சீட்டுக் கேட்டதற்கு, "தடிமல் காய்ச்சலுக்கெல்லாம் ஆளேத்த லொறி வருமா?" என்றார். மூன்றாம் நாள் அருள்தாஸின் கண் மஞ்சளானது, துண்டும் வந்தது. எலிக்காய்ச்சல். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாலு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

அந்த நாலு நாளில் ஒரு நாள், மருத்துவ மாணவி ஒருத்தி படிவத்தோடு வந்து, முதல் இரண்டு நாளும் என்ன செய்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். "வத்தென் பெஹெத் கத்தா," என்றாள் ஜொய்சி. தோட்டத்தில் மருந்து எடுத்தோம். சிங்களத்தில் 'வத்த' என்றால் றப்பர்த் தோட்டமும்தான், வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலை நிற்கிற தோட்டமும்தான். கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்குக் கறிவேப்பிலைதான் ஞாபகம் வந்தது. 'வீட்டுத் தோட்ட மூலிகை' என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டாள்.

படிவம் போய்ச் சேர்ந்த இடம் தீவிர சிகிச்சை நிபுணர் டொக்டர் கிருஷ்ணகுமார். உயிரைப் பிடித்து நிறுத்துவதில் சூரர். நிற்காத உயிரையும் வீணாக்கமாட்டார், கட்டுரையாக்கிவிடுவார். அப்படி நூற்றுப் பதினேழு ஆகிவிட்டது. நூற்றுப் பதினேழாவதின் முடிவு இது: நாற்பது எலிக்காய்ச்சல்காரர்களில் பதினொரு பேரின் குடும்பங்கள் அறியாமையால் மூலிகை அவித்துக் கொடுத்து நாளைக் கடத்தின. சிங்கப்பூரில் பரிசு. நாற்பத்திரண்டு பேர் தங்கள் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியும் விட்டார்கள். அருள்தாஸின் பெயரை மட்டும் போடவில்லை, அது ஆராய்ச்சி தர்மம். வயது, தொழில், ஊர், செத்த மாதம் எல்லாம் போட்டிருந்தார்கள்.

இது எதுவும் தெரியாத ஜொய்சி, டிஸ்பென்சர்மேல் தோட்டத்தை நிர்வகிக்கிற தொரையிடம் முறைப்பாடு கொடுத்திருந்தாள். இரண்டு வருடம் கழித்துப் பதில் வந்தது, கூடவே அந்தக் கட்டுரையும் வந்தது. தாமதம் வீட்டு மூலிகையால், ஆராய்ச்சி சொல்கிறது, முறைப்பாடு தள்ளுபடி.

"என்னாடி, என்னத்த அவிச்சு ஊத்துன?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு இருளாயி. "எனக்கும் சொல்லு. எங்க ஆளும் ரொம்பத் துள்ளுறாரு."

லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை, அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஜொய்சிக்கு அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மாறவேண்டியிருந்தது.

டொக்டருக்கு வேறொன்று வேண்டியிருந்தது. உங்கள் ஆராய்ச்சியால் சனங்களுக்கு என்ன தாக்கம் என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. தாக்கத்துக்குப் படம் பிடிக்கத் தோட்டத்துக்கு வந்தார். டிஸ்பென்சரிச் சுவரில் பேனர் ஏறியது: 'எலிக்காய்ச்சலா? தோட்டத்து மருந்தைத் தவிர்ப்போம்!' கொழும்பில் யாரோ தமிழாக்கிக் கொடுத்தது. விழாவுக்கு வந்திருந்த தொரைக்குத் தமிழ் தெரியாது. டிஸ்பென்சருக்குத் தெரியும், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டிவைத்திருந்த சனத்தின் நடுவிலிருந்து ஜொய்சி எழுந்தாள். "டொக்டர், அந்தப் பேனர்ல எழுதியிருக்கிறது நெசந்தானுங்களா?"

"நிச்சயமா அம்மா. ஆராய்ச்சி செஞ்சு கண்டுபிடிச்சது."

"தோட்டத்து மருந்து எடுக்கவே கூடாதுங்களா?"

"கூடவே கூடாது. ஆளைக் கொல்லும்."

சனம் கைதட்டிய தட்டலில் டொக்டர் பூரித்துப்போனார். எதற்கு இந்தக் குதூகலம் என்று தொரை கேட்டார். ஜொய்சி அழகான சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாள். தொரையின் முகம் கறுத்தது.

"ஐயோ, நான் சொன்னது மூலிகைய," என்றார் டொக்டர். "வீட்டுத் தோட்டத்துல வளர்றது."

"எங்க வீட்டுக்கு முன்னால நாலடி சிமெந்து, அப்பால சாக்கடைக் கான். பின்னால கக்கூசு. எதுல மூலிகை வளத்தேன்னு காட்டுங்க, நானும் பாக்குறேன். நான் அவருக்குக் குடுத்தது இந்தா நிக்கிறாரே டிஸ்பென்சர், இவரு குடுத்த பெனடோல. நீங்க அதக் கீரையாக்கிட்டீங்க."

டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நாற்பத்திரண்டு பேர் அதை மேற்கோள் காட்டிட்டாங்க. இனி மாத்துறது கஷ்டம்."

"நாப்பத்திரெண்டு பேரும் என் வீட்டுல வந்து கஷாயம் குடிச்சாங்களா?"

போன்கள் எல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தன. தாக்கம் வேண்டித்தானே வந்தார்? திருத்தம் அனுப்புகிறேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லவேண்டியதாயிற்று.

ஏழு மாதம் கழித்துத் திருத்தம் அச்சானது. ஒரு நோயாளி விடயத்தில் 'வீட்டுத் தோட்ட மூலிகை' என்பதை 'தோட்ட டிஸ்பென்சரி மருந்து' என்று வாசிக்கவும், முடிவுகளில் மாற்றமில்லை. மற்றப் பத்துப் பேரும் எந்தத் தோட்டத்தில் மருந்து எடுத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. டொக்டர் அந்த ஒற்றை வரியைத் தன் நூற்றுப் பதினெட்டாவது வெளியீடாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

படிவம் நிரப்பிய மாணவி, வெட்கமோ என்னவோ, ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தாள். ஜொய்சி பழைய முறைப்பாட்டையும் அதையும் ஒன்றாகக் குத்தி ஒப்பீசுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

"இங்கிலீஷ்ல இருக்கே," என்றார் தொரை சிங்களத்தில். "வெச்சிட்டுப் போ. ஆறுதலா வாசிக்கிறேன்."

தொழிலாளி எவரும் உட்கார்ந்திராத கதிரை ஒன்று எதிரே கிடந்தது. ஜொய்சி அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வரிதாங்க தொரை. வாசிங்க, நான் இருக்கேன்."