இடப்பள்ளியில் ஏறியவன்

பேய், ஆவி, மந்திரம் இதுல எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அன்னைக்கும் கிடையாது, இன்னைக்கும் பாதிதான். நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிச்சுக்கோங்க, ஆனா முழுசா கேட்டுட்டு சிரிங்க.

எண்பதுக்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷம் இருக்கும். மட்டாஞ்சேரியில நானும் மணியும் ஒரே லைன் வீட்டுல பக்கத்துப் பக்கத்துக் கதவு. ரெண்டு பேரும் சுக்கு குடோன்ல மூட்டை தூக்கறோம், ரெண்டு பேர் பேரும் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுல கிடக்குது. நான் அவனுக்கு ஒரு மாசம் முந்திப் பதிஞ்சவன், அதனால சர்க்கார் வேலைக்குக் கூப்பிட்டா முதல்ல நான், நான் வேண்டாம்னாதான் அவன். எனக்கு வயசு வரம்பு முடிய நாலு மாசம்தான் பாக்கி, அம்மா தினம் சாயங்காலம் "கார்டு வந்துச்சாடா"ன்னு கேப்பா, நான் இல்லைன்னு சொல்லிட்டே சட்டையைக் கழட்டுவேன்.

அப்பத்தான் மணி சொன்னான், குடோன்ல இப்ப சரக்கு இல்லையே, ஆளுக்கு ஒரு பையைத் தோள்ல போட்டுட்டு ரயில்லயே கடலோரமா கோழிக்கோடு, தலச்சேரி, கண்ணூர்னு சுத்திட்டு வரலாம்னு. எனக்கு அந்த வயசு வரைக்கும் ஆலுவா தாண்டினது கிடையாது, துள்ளிக் குதிச்சேன். அவன் முந்தின நாள் ராத்திரி இடப்பள்ளியில அக்கா வீட்டுக்குப் போறானாம், அங்கேயே ஏறிக்கறானாம், ஒருவேளை தவறிட்டா நீ பாட்டுக்குப் போ, நான் பின்னாடியே வந்துடறேன்னு வேற சொன்னான்.

திங்கட்கிழமை காலையில போட்டுல ஐலண்டு ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினேன். இடப்பள்ளியில மணி ஏறினான். இதை நல்லா கேட்டுக்கோங்க, ஏறினான், பச்சைப் பை, தோள்பட்டை கிழிஞ்ச அதே சட்டை, எதிர்ல உக்காந்து முதல் வார்த்தையே "வேலு, ஆலுவாவுல இறங்கித் திரும்பிடலாம்டா"ன்னான்.

விளையாடறான்னு நினைச்சேன். ஆனா விடலைங்க. கோழிக்கோட்டுக் கடற்கரையில நிக்கறோம், திரும்பிடலாம்டா. தலச்சேரியில கடல்பாலத்து மேல நடக்கறோம், திரும்பிடலாம்டா. ஏன்னு கேட்டா மட்டும் வார்த்தை வராது, முழிப்பான். பேய் சாப்பிடாதுன்னு சொல்லுவாங்க இல்லையா, இவன் கல்லுமக்காய்ச் சிப்பி வறுவல் என் பங்கையும் சேர்த்துத் தின்னான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தலச்சேரி லாட்ஜ்ல உக்காந்து கண்ணுல தண்ணி விட்டான், இன்னைக்கு ராத்திரி வண்டிதான் கடைசி, எழுந்திருடான்னு. எனக்கு வந்ததே கோபம், கூட்டிட்டு வந்தவனே நீதானேடா, எனக்கு ஒரு சந்தோஷம் பொறுக்கலையான்னு கத்திட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்.

புதன்கிழமை கண்ணூர். காலையில பத்து மணி இருக்கும், அதோட திரும்பிடலாம்னு கேக்கறதை நிறுத்திட்டான்.

வியாழக்கிழமை திரும்பும்போது ஷொறணூர்ல எஞ்சின் மாத்த வண்டி நின்னுது, சாயா வாங்கிட்டு வரேன்னு இறங்கினான், வண்டி கிளம்பியும் வரலை. பையும் இல்ல. நடுவழியில விட்டுட்டுப் போயிட்டானேன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன். சாயங்காலம் நேரா அவன் வீட்டுக்குப் போனா, புதுச் சட்டை போட்டுட்டு உள்ளே உக்காந்திருக்கான். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவங்க அம்மா பாயசத்தை நீட்டுது. "வேலு, மணிக்குச் சர்க்கார் வேலை கிடைச்சுடுச்சு. நேத்து பத்து மணிக்கு இன்டர்வியூ. இவனுக்கு முன்னால இருந்த ஆளு வரவே இல்லையாம்."

அந்த ஆளு நான்தான். லைன் வீட்டுக் கடுதாசி எல்லாத்தையும் போஸ்ட்மேன் முதல் கதவுல கொடுத்துட்டுப் போவார், முதல் கதவு மணியோடது, ரெண்டு பேரோட இன்டர்வியூ கார்டும் அவன் கையிலதான் வந்திருக்கு. நான் அவனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். ஞாயித்துக்கிழமையில இருந்து, இன்டர்வியூவுக்குப் போனதைத் தவிர, அவன் வீட்டை விட்டு நகரவே இல்லைன்னு மொத்த லைனும் சொல்லுது. இடப்பள்ளிக்கே போகலை.

எனக்குப் பைத்தியம்னு நீங்க நினைக்கறது புரியுது. நானும் நினைச்சேன். ஒரு மாசம் கழிச்சுத் தனியா தலச்சேரி போய் அந்த லாட்ஜ் வாசல்ல நின்னேன். லாட்ஜ்காரச் சேட்டன் என்னைப் பார்த்ததும் "கூட்டுக்காரன் வந்நில்லே? அன்னு கரஞ்ச ஆளு?"ன்னு கேட்டார். கூட வந்தவன், அன்னைக்கு அழுத ஆளு வரலையான்னு கேக்கறார். நான் திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அம்மாகிட்ட கூடச் சொல்லாத ஒண்ணு இருக்கு. கண்ணூர்ல அவன் கேக்கறதை நிறுத்தினான்னு சொன்னேன் இல்ல, அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். "மன்னிச்சேன்னு ஒரு தடவை சொல்லு வேலு"ன்னான். பயணத்தைக் கெடுத்ததுக்குக் கேக்கறான்னு நினைச்சு, சரி மன்னிச்சாச்சு வாடான்னு முதுகுல தட்டினேன். சதையும் சூடுமாத்தான் இருந்துச்சு.

நிஜ மணி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்ல. வேலை பார்த்து ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்கறான். எத்தனையோ தடவை அவன் சட்டையைப் பிடிச்சு நாலு வார்த்தை கேக்கணும்னு போயிருக்கேன், கிட்டப் போனதும் நாக்கு மடங்கிக்கும், மன்னிச்சாச்சுன்னு வாயால சொன்னவன் நான். யார்கிட்ட சொன்னேன்னுதான் தெரியலை.