முன்னறைச் சூடு

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கிளிஃபர்ட் ஆக்ராய்டு முதலில் நலம் விசாரிப்பது ஜன்னலடியில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத்தான். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. பிறகு உதட்டைப் பிதுக்குவார். "மேல சுடுது, கீழ சில்லுன்னு கிடக்கு. இந்த வால்வை எவன் திருகினான்? கையாலயா, காலாலயா?" ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெருவில் அவர் குறை சொல்லாத ரேடியேட்டர் இல்லை. கொடுத்த தேநீரைக் குடிப்பார். நன்றி சொல்ல மாட்டார்.

வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இப்போதும் மற்றவர்கள் பேசினால் அவர் கால் தரையில் பிரேக்கைத் தேடும்.

அவர் வீட்டில் பாய்லரை ஒட்டிய முன்னறை அவருடையது. அங்கே ஜனவரியிலும் அரைக்கைச் சட்டைதான். மாடியில், வெந்நீர்க் குழாயின் கடைக்கோடியில், மனைவி மொரீனின் அறை. அவள் கம்பளித் தொப்பியோடு தூங்குவாள்.

போன மாதம் அவளுக்கு நிமோனியா. அறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளிஃபர்ட் அவள் அறை வால்வை முழுக்கத் திறந்தார், பாய்லரையும் ஏற்றினார். முன்னறை அடுப்பாயிற்று. மொரீனின் ரேடியேட்டர் பிணம்போல் கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நான் சூப் கொண்டுபோனபோது அவள் கையுறையோடு கரண்டியைப் பிடித்தாள். இரண்டு வாய் குடிப்பதற்குள் இருமல் அவளை மடக்கிப் போட்டது.

"முழுசாத் திறந்து விட்டாச்சு. இனி நான் என்ன, வாயால ஊதியா சூடாக்க முடியும்?" என்றார் கிளிஃபர்ட், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

ஹல் நகரத்திலிருந்து மகள் லொரெயின் வந்தாள். "அப்பா, வெந்நீர் கிட்ட இருக்கிற வழியிலதான் ஓடும். எல்லாத்தையும் உங்க ரேடியேட்டரே குடிச்சிடுது. உங்க வால்வைக் குறைங்க, அம்மாவுக்குத் தானாப் போகும்."

"இதுதான்டி வீட்டுக்கே தலைமை ரேடியேட்டர். இதுல கை வச்சா எல்லாம் கெட்டுப்போயிடும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்ல."

அவர் கிளப்புக்கு டாமினோ ஆடப் போன நேரம், லொரெயின் ஒரு ஸ்பேனரை எடுத்து அந்தத் தலைமையை ஏறக்குறைய மூடிவிட்டாள். போட்ட தேநீர் ஆறுவதற்குள் மாடியில் குழாய் டிக் டிக்கென்று சத்தமிட்டுச் சூடேறியது. மொரீன் முதலில் கையுறையைக் கழற்றினாள், அப்புறம் தொப்பியை. "டோஸ்ட்ல வெண்ணெயைத் தாராளமாத் தடவுடி" என்றாள். நாளாக நாளாக இருமலும் தணிந்தது.

கிளப்பில் கிளிஃபர்ட் சொன்னாராம்: "சிக்கலான கேஸுப்பா. ராத்திரியெல்லாம் யோசிச்சு நான்தான் பேலன்ஸ் பண்ணினேன்."

நேற்று லொரெயின் ஊர் திரும்பினாள். மாலையில் நான் போனேன். மாடியில் மொரீன் கன்னம் சிவக்க அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே முன்னறை இதமாகத்தான் இருந்தது. கிளிஃபர்ட் மட்டும் ஏதோ அவமானத்தைச் சுமப்பவர்போல முழுக்கைக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க குளிரலை உங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லையே."

அண்ணாந்து கூரையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்பேனரோடு ரேடியேட்டர் அருகே மண்டியிட்டார்.

"கிளிஃபர்ட்!" என்று கத்திவிட்டேன்.

"உஷ், அவ தூங்கறா." உதட்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறுகையால் வால்வை முழுக்கத் திறந்தார்.