கை தூக்கியவர்

கேள்வி முழுவதும் காதில் விழுவதற்குள் தலையை ஆட்டிவிடுவார் கண்ணாடியார். "இந்தக் கண்ணாடி போட்டதுலேர்ந்து ஒரே தலைவலிங்க" என்று ஒருவர் வந்து நின்றபோதும், "சரி சரி, ரொம்ப நல்லது" என்றார். கடைக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து அவர் மனைவிதான், "ஏங்க, அவருக்குத் தலை வலிக்குதாம்" என்று எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தின் வெள்ளைப் பொடி அவர் நகக்கண்களில் எப்போதும் இருக்கும். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒன்று, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார்.

எங்கள் கால்பந்து கிளப்புக்கும் அவர்தான் செயலாளர். வெள்ளிக்கிழமை மாலையில் லென்ஸ் தட்டை ஒதுக்கிவிட்டு, மறுநாள் ஆட்டத்துக்கான பட்டியலை எழுதுவார். இறங்கி ஆடும் பதினோரு பேர், பெஞ்சில் உட்காரும் ஒன்பது பேர், எல்லாம் ஒரே அளவு எழுத்தில். "உக்காந்திருக்கிறவனும் ஆட்டக்காரன்தானப்பா" என்பார். பெஞ்சில் கடைசி ஆள் எப்போதும் எங்கள் பிளம்பர். பதினோரு வருஷத்தில் அவர் களத்தில் நின்ற நிமிடங்களையெல்லாம் கூட்டினாலும் இரண்டு ஆட்டம் தேறாது. ஆனால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

போன வருஷம், பெஞ்சில் ஒன்பது பேர் வேண்டாம், ஐந்து போதும் என்று லீக்கில் பேச்சு கிளம்பியது. சின்ன கிளப்புகளால் அத்தனை பேரைத் திரட்ட முடியவில்லையாம். எங்களில் நான்கு பேருக்கு இடம் போய்விடும். இதை முடிவுசெய்யும் லீக் கூட்டத்துக்குக் கிளம்பிய கண்ணாடியாரை நாங்கள் பஸ் நிறுத்தம் வரை போய் வழியனுப்பினோம். "நான் விட மாட்டேன். எந்திரிச்சு நின்னே பேசுறேன்" என்றார்.

திரும்பி வந்தவர் முகம் தொங்கியிருந்தது. "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஒத்த ஆளு பேச்சு எடுபடல."

இடம் போன நால்வரில் மூன்று பேர் முணுமுணுத்தார்கள். பிளம்பர்தான் அவர்களை அடக்கினார். "அண்ணன் நமக்காகத் தனியா நின்னு பேசியிருக்காரு. அது போதாதாடா?" அன்றைக்குக் கண்ணாடியாருக்கு டீ வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். கண்ணாடியார் அந்த டீயை ஆறவிட்டு, பாதிக்கு மேல் குடிக்காமல் வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், என் கண்ணாடியின் உடைந்த காம்பை மாற்றக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பிளம்பர் கருவிப்பையோடு உள்ளே வந்தார்.

"லீக் ஆபீஸ்ல வாஷ்பேசின் ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்கண்ணே. போயிட்டுதான் வர்றேன்."

"சரி சரி" என்றார் கண்ணாடியார்.

"அங்க சுவத்துல அந்தக் கூட்டத்துப் போட்டோ ஒட்டியிருக்காங்க. 'ஒருமனதாக நிறைவேறியது'ன்னு கீழ எழுதியிருக்கு. ரெண்டாவது வரிசைல நீங்க இருக்கீங்க." கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "கை நல்லாவே தூக்கியிருக்கீங்கண்ணே."

கண்ணாடியாரின் தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லல. பசங்க உங்க மேல மரியாதை வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பிளம்பர் போய்விட்டார்.

என் பக்கம் திரும்பாமலே கண்ணாடியார் பேசினார். "தலைவர் 'எல்லாருக்கும் சம்மதந்தானே'ன்னு கேட்டாருப்பா. சுத்தி எல்லா கையும் மேல போச்சு. என் கை அதுவா போயிடுச்சு. எறக்கலாம்னு பாத்தா, அதுக்குள்ள போட்டோ எடுத்துட்டான்." கேட்டுக்கொண்டிருந்த மனைவி எதையும் திருத்தவில்லை.

நானும் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் புதிதாகச் சேரும் ஆட்களிடம் எங்கள் கேப்டன் இன்றைக்கும், "லீக்கையே தனியா எதிர்த்து நின்னவரு இவரு" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். கண்ணாடியார் அப்போது குனிந்து செருப்பு வாரை இறுக்குவார். இறுக்குவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. பிளம்பர் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறார். கம்பிவேலிக்கு வெளியே நின்று எங்கள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்.

போன வாரம் பிளம்பருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. நானும் கடைக்குக் கூடப் போயிருந்தேன். குழாயின் மரை கிட்டத்தில் தெரியவில்லையாம். ஃபிரேம் தேர்ந்தெடுத்தாயிற்று. அடுத்து, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். கண்ணாடியார் அளவுகோலை எடுத்து, எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒருநாளைக்கு இருபது பேரிடம் சொல்கிற வாக்கியத்தைத் தொடங்கினார்.

"நேரா என் கண்ணையே..."

பிளம்பர் பார்த்தார், இமைக்காமல்.

கண்ணாடியார் எழுந்தார். அளவுகோலை மனைவியின் கையில் கொடுத்தார். "நீ அளந்துடு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார். தேய்க்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. திரை விலகியிருந்த இடைவெளியில் அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. லென்ஸ் எதுவும் மாட்டாத இயந்திரத்தின் முன்னால், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.