மூன்றாம் இலக்கத் துண்டு

எண்பத்தைந்தில் கிளிநொச்சிக்குக் கிட்ட வட்டக்கச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் இல்லை. கணினியை நானும் கண்ணால் கண்டதில்லை. யோசிக்கிற இயந்திரம் பற்றிப் பழைய சஞ்சிகை ஒன்றில் இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, பெரிய ஆளைப் போலப் பத்தாம் வகுப்புக்கு விவாதம் வைத்தேன். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். நாங்கள் மெஷின் என்றோம். ஆளைத் தெரிவு செய்ய மனிதன் நல்லதா, மெஷின் நல்லதா என்பது தலைப்பு.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது விசர்க்கதை கதைத்தால் ஏறி விழுவேன். பரந்தன் சந்திக் கடைக்காரர் ஒருவரின் மகன் மனிதனுக்காக நன்றாகவே கதைத்தான். மெஷினுக்காக எழும்பியவள் ஒரு பிள்ளை. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து குடியேறிய குடும்பம்.

"மெஷின் முகம் பாக்காது சேர். வாயைத் திறந்த உடன நீ எந்தத் தோட்டம் எண்டு கேக்காது."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவளுக்கு எழுபத்தைந்து புள்ளி போட்டேன். அதுதான் கூடிய புள்ளி.

கிளிநொச்சியில் நடக்கவிருந்த விவாதப் போட்டிக்கு ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. அவளுக்கு அதில் எவ்வளவு ஆசை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கிழமையாக வாய்க்கால் கரையில் தனியே நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். "சரி, மெஷினே தெரிவு செய்யட்டும்" என்றேன். மெஷின் என்றால் வேறொன்றுமில்லை. கரும்பலகையில் விதிகள். அலுமாரிக்குப் பின்னால் ஒருவர் இருந்து, உள்ளே நீட்டப்படும் துண்டுகளை அந்த விதிப்படி மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். துண்டில் பெயர் இருக்காது, இலக்கம்தான்.

போட்டிக்கான படிவம் மேசையில் கிடந்தது. அதிலிருந்த வரிசையிலேயே விதிகளை எழுதினேன். ஒன்று, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் விலக்கு. இரண்டு, மிச்சப் பேரில் கூடிய புள்ளி எடுத்தவர் போகலாம். யோசித்து எழுதவில்லை, பார்த்து எழுதினேன்.

"நான் இருக்கிறன் சேர். எங்கட கட்சிதானே" என்று அவளே கொப்பியில் விதிகளைப் பார்த்தெழுதிக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போனாள்.

விவாதத்தில் கதைத்த நாலு பேரின் துண்டுகளும், புள்ளியும் சான்றிதழ் உண்டா இல்லையா என்பதும் எழுதி, உள்ளே போயின. குரல் வந்தது.

"முதலாம் இலக்கம், அம்பத்தெட்டு. ரெண்டாம் இலக்கம், அறுபத்தொண்டு. மூண்டாம் இலக்கம், எழுபத்தைஞ்சு." கொப்பி புரண்ட சத்தம் கேட்டது. "சான்றிதழ் இல்லை. விலக்கு. நாலாம் இலக்கம், எழுபது. நாலாம் இலக்கம் போகலாம்."

நாலாம் இலக்கம் கடைக்காரரின் மகன். வகுப்பு கைதட்டியது. எழுபத்தைந்து யாருக்குப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய கடதாசிகள் எல்லாம் தோட்டத்து லயத்து வீட்டோடு எரிந்துபோனதும் தெரியும். எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

"விதியை மாத்துவம்" என்றேன்.

"மாத்தினா அது மெஷின் இல்லை சேர். அது நீங்கள்" என்றான் கடைக்காரரின் மகன். ஒரு மாதமாக நான் படிப்பித்ததே அதுதான். எடுத்த வெண்கட்டியைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

அவள் வெளியே வந்தாள். "மெஷின் பிழை விடேல்லை சேர். நீங்க எழுதினதைத்தான் நான் வாசிச்சன்."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி எல்லாம் விறைத்துக் கிடந்தது. மணி அடித்தது. கரும்பலகையைத் துடைத்தேன்.

கல்விக் கந்தோர் அதிகாரியிடம் போய், சான்றிதழ் இல்லாமல் விடுவார்களா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். சைக்கிளில் போய்வருகிற தூரம்தான். இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டுக் கடைசியில் போகவில்லை.

போட்டியன்று கடைக்காரரின் மகனைக் கூட்டிப்போனேன்; வாசலில் நின்ற கிளார்க், சான்றிதழ் இணைத்த படிவங்களை வாங்கினார். விரித்தும் பார்க்காமல் அடுக்கி, மேலே தேத்தண்ணிப் போத்தலை வைத்தார். முடியும்வரை அந்தப் போத்தல் அப்படியே இருந்தது. பணிஸ் தந்தார்கள். சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூட வாசல் படலையடியில் நின்றாள்.

"அங்க சேர்டிபிக்கேட் பாத்தவையளோ சேர்?"

"ஓம், பாத்தவை" என்றேன்.

"அப்ப சரி சேர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.