மொட்டைப் பாறையில் மூடாத கற்கள்

தபீதாவுக்கு வாய் நீளம். மீன் வெட்டும் கூடத்தில் அவள் கத்தியைவிட நாக்குதான் கூர்மை என்று ஊரே சொல்லும். மகள் இவாலுவின் பிறந்தநாள் காபி விருந்தில் மட்டும் அந்த நாக்கு தழுதழுக்கும். வருடா வருடம் அதே கதை. ஊரார் கேக்கை மென்றபடி பொறுத்துக்கொள்வார்கள்.

இவாலு வயிற்றில் இருந்தபோது, ஒரு செப்டம்பரில், தபீதாவும் கணவன் ஏனோக்கும் படகில் சீல் விலங்கு வேட்டைக்குப் போன வழியில் மொட்டைப் பாறையில் இறங்கினார்கள். ஆளில்லாத அந்தத் தீவில் பாசிகூட யோசித்துத்தான் ஒட்டும். தேநீர் கொதிப்பதற்குள் பக்கத்தில் கடலில் மிதந்த பனிமலை ஒன்று புரண்டது. எழுந்த அலை படகைத் துப்பாக்கியோடு வாரிக்கொண்டு போனது. பின்னாலேயே புயல். பாறையின் மறுபக்கத்தில், யாரோ குளிர்காலத்துக்காகக் கற்களுக்கடியில் மூடிவைத்த இறைச்சி இல்லாவிட்டால் மூன்று உயிரும் போயிருக்கும்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, பசித்தவர் யாருடைய கற்களையும் திறக்கலாம். பிறகு உடையவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தபீதா வீடு வீடாகக் கேட்டாள், பக்கத்து ஊர்களுக்கும் சொல்லியனுப்பினாள். யாரும் வாய் திறக்கவில்லை. ஏனோக் இறந்த பிறகு அவளுக்கு ஒரே ஆசைதான் மிச்சம்: கண் மூடுவதற்குள் அந்த ஆளின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மார்ச்சிலும் விருந்துக்கு வந்தவர்களில் பக்கத்து வீட்டுக் கிழவர் சகேயுஸ் இருந்தார். பனியில் மற்றவர்களின் சறுக்குவண்டியை ஒரு நாய்ப் பட்டாளமே இழுக்க, அவரிடம் நாலு நாய்தான். இவாலு பிறந்த வருடம் சறுக்குவண்டிப் பந்தயத்தில் கடைசியாக வந்தவருக்கு ‘நாலுநாய்’ என்று பட்டம் கட்டியதே தபீதாதான்.

“யோவ் நாலுநாய், கேக்க எடுத்துக்க” என்று அதட்டிவிட்டுக் கதையை முடித்தாள். “அந்த மாதிரி ருசியான இறைச்சிய அப்புறம் நான் தின்னதே இல்ல.”

சகேயுசுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ருசியா? அது நாய்க்குன்னு போட்டு வச்சதுடி!”

“உனக்கெப்படித் தெரியும்?”

“வச்சவனுக்குத் தெரியாதா?”

வீடே அதிர்ந்தது. “நாய்த் தீனியிலயா என்னை வளத்த?” என்று இவாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தபீதா அழுதாள், சிரித்தாள், கிழவரின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

“இத்தன வருசம் ஏன்யா சொல்லல?”

“புள்ளத்தாச்சி நாய்த் தீனி தின்னான்னு ஊரு சிரிக்கவா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவளுக்குச் சரியாகப் படவில்லை. யோசித்தாள். அன்று இறைச்சி நிறைய மிஞ்சியிருந்தது. ஆனால் தேடிவந்த படகைக் கண்ட சந்தோஷத்தில் கற்களைத் திரும்ப மூடாமல் ஓடிவந்துவிட்டார்கள். காக்கைகள் சும்மா விட்டிருக்குமா?

“அந்தக் குளிர்ல உன் நாய்ங்க என்ன தின்னுச்சு?”

“காபி ஆறுது, குடி.”

“சகேயுஸ், அப்ப உங்கிட்ட எத்தன நாய் இருந்துச்சு?”

அவர் ஜன்னல் வழியே வெளியே கட்டியிருந்த நாய்களைப் பார்த்தார். அந்தக் குளிரில் பட்டினியில் செத்தவை போக மிஞ்சியது நாலு; அதைத்தான் அவள் பட்டமாகக் கட்டியிருந்தாள்.

மறுநாள் காலை தன் வீட்டில் இருந்த நல்ல மீனையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அவருடைய வண்டியில் ஏறினாள். “ஐயா, போகலாங்களா?” என்றாள்.

“நாலுநாய்னே கூப்பிடு. மரியாதை குடுத்தா வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு.”

உறைந்த கடல் மேல் நாலு நாய்களும் மெதுவாகத்தான் இழுத்தன. மொட்டைப் பாறையில் முதல் மீன்களை அவற்றுக்கே போட்டாள். மறுபக்கத்தில் அவளும் ஏனோக்கும் புரட்டிப் போட்ட கற்கள் அப்படியே சிதறிக் கிடந்தன. மிச்ச மீனைக் குழியில் வைத்துவிட்டு, ஒரு கல்லைப் பனியிலிருந்து நெம்பித் தூக்கினாள்.

“பேரு சொல்லு. போனதுங்க பேரு.”

கிழவர் அவள் கையிலிருந்த கல்லில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டார்.

“அரைக்காது.”

“அரைக்காதே, என் மக நல்லா இருக்கா. உன் புண்ணியம்” என்று கல்லை வைத்தாள்.

“அடுத்தது?”

“திருடி. அவதான் முன்னால ஓடுவா.”

தபீதா அடுத்த கல்லை எடுக்கக் குனிந்தாள்.