கொட்டை எழுத்தில் கிடைத்த சொற்கள்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று வெள்ளவத்தையில் என் பெயரில் இரண்டு புடைவைக் கடைகள் ஓடுகின்றன. வெள்ளைக்காரர் வந்தாலும் நானே முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசி விற்றுவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், கஷ்டப்பட்டு மேலே வந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் நான் முதன்முதலாகப் பொறுக்கிய சொற்களைப் பற்றி இதுவரை யாரிடமும் பெருமையடித்ததில்லை.

யுத்தக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் அம்மா, அண்ணா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். எனக்கு எட்டு வயது, அண்ணாவுக்குப் பத்தொன்பது. லண்டனிலிருந்த சித்தப்பா அண்ணாவைத் தன்னிடம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக அண்ணா பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தார். ஒருவர் தன் வீட்டுக் கராஜில் நடத்திய வகுப்பு. ரசீதும் இல்லை, அட்டையும் இல்லை.

அங்கே கொடுத்த வீட்டுவேலை விசித்திரமானது. பெயராகவும் வினையாகவும் நிற்கக்கூடிய சொற்கள், நாளுக்குப் பத்து. 'வோட்டர்' என்றால் தண்ணீர். பூமரத்துக்கு அதை ஊற்றுவதும் 'வோட்டர்'தான். கொப்பியின் இடப்பக்கத்தில் பெயராக ஒரு வசனம், வலப்பக்கத்தில் வினையாக ஒரு வசனம். ஒரே ஆளுக்கு இரண்டு உத்தியோகம் என்று அண்ணா சிரிப்பார். மூன்று கிழமைக்குள் வீட்டிலிருந்த சாமான்களின் பெயரெல்லாம் தீர்ந்துபோயின.

கடையில் வாங்கும் பாண் ரொட்டியைச் சுற்றி வரும் ஆங்கிலப் பேப்பரை விரித்தது நான்தான். எனக்குப் பெரிய எழுத்து மட்டுமே வாசிக்க வரும். ஆகவே முதற்பக்கத்துக் கொட்டை எழுத்துகளை எழுத்துக்கூட்டி அண்ணாவுக்குச் சொன்னேன். 'அட்டாக்', 'ஃபயர்', 'பொம்', 'டார்கட்'. பத்தில் எட்டு தேறின. எது எடுபடும் என்று பார்க்கும் கண் எனக்கு அப்போதே இருந்தது. அண்ணா டொபி வாங்கித் தந்தார்.

ஒரு நாள் காலை, அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம், வீடு வீடாக இராணுவத்தின் தேடுதல் வந்தது. இரண்டு பேர் துப்பாக்கியோடு வாசலில் நிற்க, அதிகாரி உள்ளே வந்தார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரியாக இருந்தன.

"மல்லி கொழும்புல என்ன செய்றது?" தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி அண்ணாவைக் கேட்டார்.

இங்கிலீஷ் படிப்பதாக அண்ணா சொன்னார். அதிகாரி வகுப்பு அட்டையைக் கேட்டார். அப்படி ஒன்றும் தரவில்லை என்றார் அண்ணா. ஒரு துண்டு சாட்சி கிடைத்தால் விட்டுவிடுவார்கள் என்பது எனக்கே விளங்கியது. ஓடிப்போய்த் தலையணைக்குக் கீழிருந்த கொப்பியை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தேன். நல்ல பக்கமாகப் பார்த்து, விரித்தே கொடுத்தேன்.

அவர் நின்றபடியே வாசித்தார். அண்ணாவின் உருண்டையான கையெழுத்தில் தாக்குதல், குண்டு, இலக்கு, ஒவ்வொன்றும் இரண்டு தரம். அதிகாரியின் விரல் வரிவரியாக இறங்கியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, மார்க்ஸ் போடப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சொல் இரண்டு விதமாக வரும் என்று அண்ணா விளக்கத் தொடங்கினார். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இந்தச் சொல் எல்லாம் யார் குடுத்தது?"

நான் வாயைத் திறக்குமுன், "ஒருத்தரும் இல்லை. நானே எழுதினனான்," என்றார் அண்ணா.

அவரைப் படியில் இறக்கிக்கொண்டு போகும்போது அம்மா மீன் பையோடு எதிரே வந்தார். பின்னால் வந்த அதிகாரியின் கையில் கொப்பியைக் கண்டதும் அது எப்படி அங்கே போனது என்றுதான் கேட்டார்.

"ஆமிக்காரர் மெத்தையைப் புரட்டி எடுத்தவையம்மா," என்றார் அண்ணா.

"இல்லையம்மா, நான்தான் எடுத்துக் குடுத்தனான்."

"அவள் நித்திரை. அவளுக்கு ஒண்டும் தெரியாது."

அம்மா அண்ணாவைத்தான் நம்பினார். பிறகு நான் எத்தனை தரம் சொன்னாலும், கனவு கண்டிருப்பாய் என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை, சாகும்வரை சொல்லவில்லை. அண்ணா திரும்பி வரவே இல்லை.

அன்று எனக்கு வந்தது பயமல்ல, கோபம். சாட்சி தேடிக் கொடுத்தவள் நான். என்னை நித்திரைப் பிள்ளையாக்கிவிட்டாரே என்ற கோபம். இராணுவ வாகனத்தின் பின்பக்கத்தில் இருந்துகொண்டு அண்ணா என்னையே பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.